வினாடிக்குப் பதின்மூன்று சுரங்கள்

ஒரு பாடல் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதைச் சொல்ல, ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு விழுகிறது என்ற கணக்கு மேற்கத்திய இசையில் வழக்கத்தில் உள்ளது. சாதாரணமாக நடந்துபோகும் ஒருவரின் காலடிகளும், மக்கள் கூடி ஆடும் பாடல்களின் தட்டுகளும் பெரும்பாலும் நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்று முப்பதுக்குள் அடங்கிவிடுகின்றன. 1999-ஆம் ஆண்டு லண்டனில் உருவான டிராகன்ஃபோர்ஸ் என்னும் இசைக்குழு இந்த எல்லையைப் பொருட்படுத்தவே இல்லை. அக்குழுவை உலகறியச் செய்த 'த்ரூ தி ஃபயர் அண்ட் ஃபிளேம்ஸ்' என்ற பாடல் நிமிடத்துக்கு 200 தட்டு என்ற வேகத்தில் ஏழு நிமிடங்களுக்கும் மேலாக ஓடுகிறது. இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்தியும் இணைந்தும் செல்லும் பகுதிகளில் வினாடிக்குப் பதின்மூன்று சுரங்கள் வந்து விழுகின்றன. இத்தனை விரைவு எதற்கு என்ற கேள்வி அக்குழு புகழ்பெற்ற நாள்முதல் கேட்கப்பட்டு வருகிறது. சுரங்கள் தனித்தனியே காதில் விழுவதில்லை, விரல் வித்தை இருக்கிறதே தவிர உணர்ச்சி இல்லை, எல்லாப் பாடல்களும் ஒரே அச்சில் வார்த்தவை, பதிவுக்கூடத்தில் முடுக்கிவிட்ட வேகம் மேடையில் நொண்டுகிறது என்பவை அதன்மீது சுமத்தப்படும் குறைகள். இவற்றுள் முதலாவது முற்றிலும் உண்மை. ஆனால் அது குறையே அல்ல என்பதும், அக்குழுவின் இசை அந்த உண்மையின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதும், மனிதச் செவி இயங்கும் முறையை அறிந்தவர்க்கு விளங்காமல் போகாது.

மின்கிதாரின் கரகரத்த, கனத்த ஒலியை அடித்தளமாகக் கொண்ட ராக் இசைக் கிளைக்கு மெட்டல் என்று பெயர். அதன் உட்பிரிவுகள் பலவும் இருண்ட பொருள்களையும் முரட்டுக் குரலையும் நாடிச் சென்றபோது, பவர் மெட்டல் என்ற பிரிவு மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. உச்சத்தில் கணீரென்று ஒலிக்கும் குரல், கூட்டமே சேர்ந்து பாடத்தக்க பல்லவி, வாளும் நெருப்பும் வெற்றியும் நிறைந்த காவியப் பாங்கான சொற்கள், இவற்றுக்கு அடியில் ஓயாத விரைவு என்பவை அதன் அடையாளங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹெலோவீன் குழு 1987-இலும் 1988-இலும் இரு பாகங்களாக வெளியிட்ட 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' என்ற தொகுப்பு இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். டிராகன்ஃபோர்ஸ் அந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வோர் உறுப்பையும் மிகைப்படுத்தியது. லண்டன் குழு என்று சொல்வதுகூடப் பெயரளவில்தான்; கிதார் வாசிக்கும் ஹெர்மன் லீ ஹாங்காங்கில் பிறந்தவர், சாம் டாட்மன் நியூசிலாந்தில் வளர்ந்தவர், 2010 வரை பாடிய இசட்.பி. தியர்ட் தென்னாப்பிரிக்கர், நெடுங்காலம் கீபோர்டு வாசித்த வடிம் புருஷனோவ் உக்ரைனில் பிறந்தவர். 2003-இல் வெளிவந்த 'வேலி ஆஃப் தி டேம்ட்', 2004-இல் வந்த 'சோனிக் ஃபயர்ஸ்டார்ம்' என்ற இரு தொகுப்புகளுக்குப் பின், மேற்சொன்ன பாடலைக் கொண்ட மூன்றாம் தொகுப்பான 'இன்ஹியூமன் ராம்பேஜ்' வந்தபோது புகழும் ஏளனமும் ஒருசேர வந்து சேர்ந்தன.

நிமிடத்துக்கு 200 தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 300 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் பத்தில் மூன்று பங்கு இருக்கும். தட்டுக்கு நான்கு சுரங்கள் வாசிக்கப்படும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைக்கும் காலம் 75 மில்லிவினாடி. இங்கே இரண்டு வேகங்கள் இருப்பதைப் பிரித்தறிய வேண்டும். கர்நாடக இசை பயில்வோர் ஒரே வரிசையை முதற்காலத்திலும் இரண்டாங்காலத்திலும் மூன்றாங்காலத்திலும் பாடும்போது, கை போடும் தாளம் மாறாமல் சுரங்களின் அடர்த்தி மட்டுமே இரட்டித்துக்கொண்டு போவதை அறிவார்கள். தாளத்தின் வேகம் ஒன்று, சுரங்களின் நெருக்கம் மற்றொன்று. டிராகன்ஃபோர்ஸ் இசையில் தாளமும் விரைவானது, அதன்மீது அடுக்கப்படும் சுரங்களும் நெருக்கமானவை. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் செவி தன் எல்லையைத் தொடுகிறது.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் முக்கியமானவர். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு ஒலிகளை, ஒவ்வொன்றும் 200 மில்லிவினாடி நீளும்படி, மீண்டும் மீண்டும் சுழலவிட்டுக் கேட்கச் செய்தனர். என்னென்ன ஒலிகள் கேட்டன என்பதைச் சொல்ல முடிந்தவர்களால், எதற்குப் பின் எது வந்தது என்பதைச் சொல்ல முடியவில்லை. பேச்சில் வினாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட எழுத்தொலிகள் வந்தாலும் கேட்பவர் தடுமாறுவதில்லையே என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு. பேச்சொலிகளைச் செவி ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. அசைகளாகவும் சொற்களாகவும் திரட்டிய வடிவங்களையே அது அடையாளம் காண்கிறது. விரைந்து வரும் இசைக்கும் இதுவே பொருந்தும். அடுத்தடுத்த படிகளில் ஏறி இறங்கும் சுரவரிசை ஒன்று 75 மில்லிவினாடிக்கு ஒரு சுரமாக வரும்போது, கேட்பவரிடம் சேர்வது பதின்மூன்று தனிச் சுரங்கள் அல்ல. மேலே எழும் ஒரு வளைவு, கீழே சரியும் ஒரு வளைவு, இடையே ஒரு சுழிப்பு என்ற அளவில் சில வடிவங்களே.

தாளத்தை உணரும் திறனை ஆராய்ந்த ஜஸ்டின் லண்டன் என்ற இசையியலாளர், ஒரு தட்டின் உட்பிரிவாகச் செவி ஏற்றுக்கொள்ளக்கூடிய மிகக் குறுகிய இடைவெளி ஏறத்தாழ 100 மில்லிவினாடி என்று கணித்தார். அவர் பெயருக்கும் இக்குழுவின் ஊருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க முரசு மரபுகளில் அதற்கும் சற்றுக் கீழே செல்லும் வாசிப்பு உண்டு என்பது பின்னர் எடுத்துக்காட்டப்பட்டதால், அதை அசைக்க முடியாத கோடு என்று கொள்வதற்கில்லை. எனினும் 75 மில்லிவினாடி என்பது எந்தக் கணக்குப்படியும் விளிம்பு நிலம். அந்நிலத்தில் சுரங்கள் மெட்டின் உறுப்புகளாக இருப்பதிலிருந்து விலகி, ஒலியின் மேற்பரப்பாக, நெசவாக மாறத் தொடங்குகின்றன. தீபாவளியன்று வெடிக்கும் சரவெடியில் எத்தனையாவது வெடி எப்போது வெடித்தது என்று எவரும் கேட்பதில்லை. அந்தச் சடசடப்பே ஒரு பொருளாகக் கேட்கப்படுகிறது. விமர்சகர்கள் 'சுரங்கள் கலங்கிவிடுகின்றன' என்று சொல்லும்போது, சரவெடியைத் தனித்தனி வெடியாகப் பிரித்துக் கேட்க முயன்று தோற்றதையே சொல்கின்றனர்.

அப்படியானால் மெட்டு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை, பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் குரலில் இருக்கிறது. கிதாரும் முரசும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, அவற்றின்மேல் மிதக்கும் குரல் நிதானமாக, ஓர் அசையை ஒரு தட்டுக்கோ இரண்டு தட்டுக்கோ நீட்டிப் பாடுகிறது. இரண்டு தட்டு என்றால் 600 மில்லிவினாடி. ஒருவரிடம் எந்த வற்புறுத்தலும் இல்லாமல் விரலால் மேசையைத் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் தேர்ந்துகொள்ளும் இடைவெளி அதற்கு மிக அருகில் இருப்பதாக பிரெஞ்சு உளவியலாளர் பால் ஃபிரேஸ் நெடுங்காலத்துக்கு முன்பே குறித்திருக்கிறார். எனவே இப்பாடல்களைக் கேட்பவரின் கால் நிமிடத்துக்கு 200 முறை தட்டுவதில்லை. தன்னையறியாமல் அதில் பாதியான நூறைப் பிடித்துக்கொள்கிறது. குரல் அந்த நூறில் நடக்கிறது, முரசு இருநூறில் ஓடுகிறது, கிதார் எண்ணூறில் பறக்கிறது. மூன்று கடிகாரங்களும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தி ஓடுவதால்தான், வேகத்தின் கிளர்ச்சியும் பல்லவியைச் சேர்ந்து பாடும் வசதியும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. பவர் மெட்டலின் கலை நுட்பம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த அடுக்கில்தான் இருக்கிறது. விரல்களின் வேகம் அதற்கு வேண்டிய பொருள்களில் ஒன்று, அவ்வளவே.

தனிவாசிப்புகள் பெரும்பாலும் கிதாரின் உச்சப் பகுதியிலேயே நிகழ்வதற்கும் வெறும் பகட்டைத் தாண்டிய இயற்பியல் காரணம் உண்டு. ஒரு சுரத்தின் உயரத்தைச் செவி அறிந்துகொள்ள, அந்த அதிர்வு சில முறையாவது திரும்பத் திரும்ப நிகழ்ந்தாக வேண்டும். கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது; 75 மில்லிவினாடிக்குள் அதற்குக் கிடைப்பவை ஆறு அதிர்வுகள் மட்டுமே. பேஸ் கிதாரின் அடிக்கம்பிக்கு மூன்றுதான் தேறும். மிக மெல்லிய கம்பியின் இருபத்து நான்காம் கட்டையில் எழும் சுரமோ வினாடிக்கு 1318 முறை அதிர்வதால், அதே கால அளவுக்குள் ஏறத்தாழ நூறு அதிர்வுகளை முடித்துவிடுகிறது. காலத்தைக் குறுக்கினால் அதிர்வெண்ணின் துல்லியம் மங்கும், துல்லியம் வேண்டுமானால் காலம் வேண்டும் என்ற இந்த விட்டுக்கொடுப்பை, பின்னாளில் ஹோலோகிராம் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் காபர் 1946-இல் கணித வடிவில் எழுதினார். அதே வேகத்தைத் தாழ்ந்த கம்பிகளில் வாசித்தால் உறுமல் மட்டுமே மிஞ்சும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசை மெட்டல் ஒலிப்பதிவாளர்கள் 'டொம்' என்ற கார்வையைக் குறைத்து 'டிக்' என்ற முனையைக் கூர்மையாக்கிப் பதிவு செய்வதும் இதே காரணத்தால்தான். கார்வையை விட்டுவைத்தால் ஓரடியின் வால் அடுத்த அடியின் தலையை விழுங்கிவிடும்.

கைகளின் பக்கம் வந்தால் கணக்கு வேறுவிதமாக வியப்பூட்டுகிறது. கம்பியை மீட்டும் சிறு வில்லையைக் கிதார் வாசிப்போர் பிக் என்பர். அது கீழ்நோக்கி ஒரு முறையும் மேல்நோக்கி ஒரு முறையும் கம்பியைக் கடப்பதால், வினாடிக்குப் பதின்மூன்று சுரங்களுக்கு மணிக்கட்டு ஆறரை முறைக்குச் சற்று மேலாக ஆடி வந்தால் போதும். மனித மூட்டு ஒன்று தாளம் தவறாமல் ஆடக்கூடிய உச்ச வேகத்தின் அருகே அது இருக்கிறது. இரண்டு கால்களாலும் மாறி மாறி முரசடிப்பவரின் ஒவ்வொரு பாதத்துக்கும் இதே எண்ணிக்கைதான் வரும். பிக்கை எல்லாக் கம்பிகளின் மீதும் ஒரே இழுப்பாக வழுக்கிச் செல்லும் ஸ்வீப் முறையும், வலக்கை விரல்களையும் கட்டைகளின்மேல் கொண்டுவந்து குத்தி எழுப்பும் டாப்பிங் முறையும் இந்த வரம்பைத் தாண்டிச் செல்லக் கண்டறியப்பட்ட வழிகள்.

இதில் மூளையின் பங்கு இன்னும் சுவையானது. ஒரு விரலின் அசைவு முடிந்தது என்ற செய்தி மூளையை எட்டி, அதன்பின் அடுத்த விரலுக்குக் கட்டளை பிறக்கும் என்று எளிதாக எண்ணிவிடலாம். ஒலியைக் கேட்டு எதிர்வினை காட்டவே மனிதருக்கு ஏறத்தாழ 150 மில்லிவினாடி வேண்டும். அதற்குள் இங்கே இரண்டு சுரங்கள் கடந்து போயிருக்கும். அமெரிக்க நரம்பியல் அறிஞர் கார்ல் லாஷ்லி 1951-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். இசைக்கலைஞரின் விரல்கள் வினாடிக்குப் பதினாறு அசைவுகள்வரை எட்டும் என்பதைச் சான்றாகக் காட்டி, அத்தகைய விரைவில் ஓர் அசைவு அடுத்ததைத் தூண்டும் சங்கிலிக்கு இடமில்லை என்றும், முழுத் தொடரும் வாசிப்பதற்கு முன்பே மூளையில் ஒரே திட்டமாக உருவாகியிருக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அசைவுகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அக்கட்டுரை தொடக்கப்புள்ளியாயிற்று. ஆகவே விரைவாக வாசிப்பவர் சிந்திக்காமல் வாசிக்கிறார் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. சுரத்துக்குச் சுரம் அவர் சிந்திப்பதில்லை, சிந்திக்கவும் முடியாது. எந்த வடிவத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதையே அவர் சிந்திக்கிறார். கேட்பவரின் செவி திரட்டிக் கேட்கும் அதே அலகுகளில்தான் வாசிப்பவரின் கையும் திரட்டி வாசிக்கிறது என்ற பொருத்தத்தைக் குறை கூறுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டிராகன்ஃபோர்ஸ் இசையின் மற்றொரு முத்திரை, லீயும் டாட்மனும் ஒரே மெட்டை வெவ்வேறு சுர உயரங்களில் இணையாக வாசிப்பது. அயர்ன் மெய்டன் போன்ற ஆங்கிலக் குழுக்கள் பரவலாக்கிய இந்த இரட்டைக் கிதார் முறையை, ஆள் பலத்தைக் காட்டும் பகட்டு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், ஒரே கிதாரில் அந்த இரு சுரங்களையும் சேர்த்து மீட்டினால் அதே இனிமை கிடைக்காது என்பதில் ஓர் அழகிய இயற்பியல் அடங்கியிருக்கிறது. மின்கிதாரின் கரகரப்பு, ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் மின்னலையை ஏற்றி, அதன் முகடுகளை வெட்டிவிடுவதால் பிறப்பது; டிஸ்டார்ஷன் என்பது இதுவே. இவ்வாறு முகடு வெட்டப்படும் கருவிக்குள் இரண்டு சுரங்கள் ஒருசேர நுழைந்தால், வெளியே வருபவை அவ்விரண்டு மட்டுமல்ல. அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் பிறக்கும் புதுச் சுரங்களும் சேர்ந்து வருகின்றன.

ச–ப உறவை எடுத்துக்கொண்டால் அதிர்வெண் விகிதம் 2:3. சட்ஜம் 200 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 300 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், கழித்து வரும் 100 ஹெர்ட்ஸ் அதே சட்ஜத்தின் கீழ்த்தாயி. புதிதாகப் பிறந்த ஒலியும் பழைய ஒலிக்குத் துணையாகவே நிற்பதால், மெட்டல் இசையின் அடித்தளம் முழுவதும் இந்த ச–ப இணையின்மேல் அமைந்திருக்கிறது. ச–க உறவின் கதை வேறு. அந்தர காந்தாரத்தின் இயற்கையான விகிதம் 4:5. 400-க்கும் 500-க்கும் இடையே கழித்தால் 100 வந்து இங்கும் பொருந்தத்தான் செய்யும். ஆனால் கிதாரின் கட்டைகள் இயற்கை விகிதத்தில் பதிக்கப்பட்டவை அல்ல. ஒரு தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி வைக்கப்பட்டவை. அதனால் பஞ்சமம் கிட்டத்தட்டச் சரியாகவே அமைகிறது, காந்தாரமோ 500-க்குப் பதில் 504 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அந்த நான்கு ஹெர்ட்ஸ் பிசகு மேலே காதுக்கு உறுத்தாது. கழித்து வரும் சுரமோ 100-க்குப் பதில் 104 ஆகிவிடுவதால், நூற்றுக்கு நான்கு என்ற அளவில் சுருதி விலகிய ஓர் அடியொலி கிளம்பிக் கூட்டொலி முழுவதையும் கலக்கிவிடுகிறது. இரண்டு சுரங்களையும் இரண்டு கலைஞர்கள் தனித்தனிக் கருவியில், தனித்தனி ஒலிபெருக்கி வழியாக வாசித்தால் அவை முகடு வெட்டப்பட்ட பிறகே காற்றில் சந்திக்கின்றன. கூட்டலும் கழித்தலும் நிகழ இடமே இல்லாமல் போகிறது. கரகரப்பும் இனிமையும் ஒருங்கே வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும். அதையும் வினாடிக்குப் பதின்மூன்று என்ற வேகத்தில் இருவரும் ஒத்து வாசிக்க வேண்டும். இருவருக்கும் இடையே பத்து மில்லிவினாடிகள் விலகினாலே விளிம்பு மழுங்கத் தொடங்கிவிடும்.

பதிவுக்கூடத்தில் மெதுவாக வாசித்துவிட்டுப் பின்னர் வேகம் கூட்டியிருப்பார்கள் என்ற ஐயம் இக்குழுவை நெடுங்காலம் துரத்தியது. அத்தகைய உத்தி புதிதன்று. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1940-களிலேயே பாதி வேகத்தில் பதிவுசெய்து முழு வேகத்தில் ஒலிக்கவிட்டு வியப்பூட்டினார், அதை எவரும் மோசடி என்று சொல்லவில்லை. அவ்வாறு முடுக்கும்போது சுரத்தின் உயரம் மட்டுமல்லாமல் நீண்ட சுரங்களில் வரும் அசைவின் வேகமும் இரட்டிப்பதால் செவி அதை எளிதில் கண்டுகொள்ளும். கணினி வழியே உயரத்தை மாற்றாமல் காலத்தை மட்டும் சுருக்கும் முறைகள் வந்தபின் இந்தச் சோதனை போதாது. ஆனால் ஹெர்மன் லீ பிற்காலத்தில் இணைய நேரலைகளில் கையில் கிதாருடன் அமர்ந்து இப்பகுதிகளைப் பார்வையாளர் முன் வாசித்துக் காட்டிவிட்டதால், இந்த விவாதத்தை இனியும் நீட்டிப்பதில் பொருளில்லை.

மேடை பற்றிய குறையை இவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. 2000-களின் நடுப்பகுதியில் நிகழ்ந்த சில திருவிழா மேடைகளின் ஒளிப்பதிவுகளில் கிதார்கள் தாளத்தைவிட்டு நழுவுவதும், குரல் சுருதியில் நிற்காததும் தெளிவாகவே தெரிகின்றன. குதித்தும் ஓடியும் வேடிக்கை காட்டிக்கொண்டே வாசிக்கும் குழுவின் இயல்பும் அதற்கு ஒரு காரணம். பாதி வேகத்தில் வாசிக்கும் குழுவிடம் மன்னிக்கப்படும் பிழை இங்கே மன்னிக்கப்படாமல் போவதற்கு ஒலியின் வேகம்தான் காரணம். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மேடையின் ஒரு முனையில் உள்ள முரசின் அடி, பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கிதார் கலைஞரைச் சேர 29 மில்லிவினாடி ஆகும். சாதாரணப் பாடலில் அது ஒரு பொருட்டே அல்ல. சுரம் ஒன்றுக்கு 75 மில்லிவினாடியே உள்ள பாடலில் அது ஒரு சுரத்தின் மூன்றிலொரு பங்குக்கும் மேல். உள்ளரங்கில் எழுந்த ஒலி அடங்க ஒன்றரை வினாடி பிடித்தால், அதற்குள் இருபது சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். காதுக்குள் பொருத்தும் கருவிகள் வழியாகக் கலைஞர் ஒவ்வொருவரும் நேரடியாகக் கேட்டு வாசிக்கும் முறையால் முதற்சிக்கல் தீர்ந்தாலும், இரண்டாவது சிக்கல் கேட்பவரின் பக்கம் இருப்பதால் அது தீரவே தீராது. இவ்வகை இசை அரங்கத்தைவிடத் தலையணிக் கேட்பியில் சிறப்பாக ஒலிக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் அதன் ஆதரவாளர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

உணர்ச்சி இல்லை என்ற குற்றச்சாட்டு இசை வரலாற்றில் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் ஒன்று. 1820-இல் அச்சான இருபத்து நான்கு கேப்ரீஸ்களால் வயலினின் எல்லைகளை மாற்றி வரைந்த நிக்கொலோ பகனினியைப் பற்றி, அவர் சாத்தானுடன் உடன்படிக்கை செய்துகொண்டவர் என்ற வதந்தியே பரவியது. வெறும் வித்தைக்காரர் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்தக் கேப்ரீஸ்கள் இன்று வயலின் மாணவர்களின் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பகனினியிடமிருந்து ஸ்வீடன் நாட்டுக் கிதார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் 1980-களில் கற்றுக்கொண்டதும், அவரிடமிருந்து அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டதும் ஒரே தொடர்ச்சி. உணர்ச்சி என்பது இழைந்து நீளும் ஒற்றைச் சுரத்தில் மட்டுமே குடியிருக்கும் என்று எந்த ஒலியியல் விதியும் சொல்லவில்லை; களிப்பும் துடிப்பும் உணர்ச்சிகள்தாம். சோகத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக் களிப்புக்குக் கொடுக்க மறுப்பது விமர்சகரின் விருப்பம், அதை இசையின் குறையாக எழுதுவது முறையல்ல.

எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதில் உள்ள உண்மையின் அளவு சற்று அதிகம். ஒரு கலைப்பொருள் மிக எளிதாக இருந்தாலும் மிகச் சிக்கலாக இருந்தாலும் சலிப்பூட்டும், இடைப்பட்ட ஓரிடத்தில்தான் இன்பம் உச்சத்தை எட்டும் என்பது டேனியல் பெர்லைன் 1970-களின் தொடக்கத்தில் விரித்துரைத்த கொள்கை. மேற்பரப்பில் வினாடிக்குப் பதின்மூன்று நிகழ்வுகளைக் கொட்டும் இசை, அடியில் இருக்கும் சுரக்கூட்டுகளையும் எதிர்பாராத திருப்பங்களால் நிரப்பினால் கேட்பவருக்குப் பிடிமானம் ஏதும் இருக்காது. அதனால்தான் பல்லவி எங்கே வரும், எந்தச் சுரக்கூட்டுக்குப் பின் எது வரும் என்பது முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது. ஒரு பக்கம் செலவழித்ததை மறுபக்கம் சிக்கனம் பிடிக்கிறார்கள். ஒரு பாடலுக்கு இந்த விளக்கம் போதும். ஒரு தொகுப்பு முழுமைக்கும் போதாது. தொடர்ந்து ஒரே அளவில் வரும் தூண்டலுக்கு நரம்புகள் பழகி மந்தமாகிவிடும் என்பது உடலியலின் மிகப் பழைய பாடங்களில் ஒன்று. 'இன்ஹியூமன் ராம்பேஜ்' தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் கேட்பவருக்கு ஐந்தாம் பாடலில் வேகம் வேகமாகவே தெரியாது. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறுக்கி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் வைத்த அக்காலப் பதிவுமுறை இந்தக் களைப்பை மேலும் கூட்டிற்று. மார்க் ஹட்சன் பாடகராக வந்தபின் 2012-இல் வெளியான 'தி பவர் விதின்' தொகுப்பில் 'க்ரை தண்டர்' போன்ற நடுவேகப் பாடல் இடம்பெற்றதையும், அதற்கருகில் வரும் விரைவுப் பாடல்கள் முன்னைவிட விரைவாகத் தோன்றுவதையும் பார்க்கும்போது, குழுவே இந்தக் குறையை உணர்ந்து திருத்திக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

குழுவின் விளையாட்டுத்தனத்தைப் பகடியா பற்றா என்று பிரிக்க முயல்வோரும் உண்டு. கிதாரின் நெம்புதண்டைக் கொண்டு 'பேக்-மேன்' என்ற பழைய வீடியோ விளையாட்டின் ஒலியை லீ தனிவாசிப்பின் நடுவே எழுப்புவதும், 2019-இல் வந்த தொகுப்பில் 'டைட்டானிக்' படப் பாடலை இரட்டை முரசடியுடன் பாடி வைத்ததும், தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்களின் செயல்கள். 2009-இல் கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற 'ஹீரோஸ் ஆஃப் அவர் டைம்' பாடலிலும் இந்த மிகையும் குதூகலமும் குறையவில்லை.

இக்குழுவின் பெயரை மெட்டல் இசையே கேளாத வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது 2007 அக்டோபரில் வெளிவந்த 'கிதார் ஹீரோ 3' என்ற வீடியோ விளையாட்டு. திரையில் சுரங்கள் வண்ணப் பொட்டுகளாக இறங்கிவர, கையிலுள்ள ஞெகிழிக் கிதாரின் ஐந்து பொத்தான்களை அவற்றுக்கேற்ப அழுத்த வேண்டும் என்ற அந்த விளையாட்டின் இறுதியில், மற்ற எல்லாப் பாடல்களையும்விடக் கடினமானதாக 'த்ரூ தி ஃபயர் அண்ட் ஃபிளேம்ஸ்' வைக்கப்பட்டிருந்தது. செவி நெசவாகக் கேட்டதை அந்த விளையாட்டு கண்ணுக்குத் தனித்தனி இழைகளாகப் பிரித்துக் காட்டியது. பயிற்சிப் பகுதியில் வேகத்தைக் குறைத்து வாசித்துப் பழகிய சிறுவர்கள், அந்தச் சடசடப்புக்குள் ஒழுங்கான ஏற்ற இறக்கங்களும் பிரிக்கப்பட்ட சுரக்கூட்டுகளும் இருப்பதையும், மெதுவாகக் கேட்டால் அவை முணுமுணுக்கத்தக்க எளிய மெட்டுகளாக இருப்பதையும் கண்டனர். இக்குழுவை நிராகரிக்க முடிவு செய்திருப்பவரும் அதே சோதனையை ஒருமுறை செய்து பார்க்கலாம்: பாடலைப் பாதி வேகத்தில் கேட்டுவிட்டு, பின் இயல்பான வேகத்தில், கிதாரை விட்டுவிட்டுக் குரலுக்கு மட்டும் காலால் தாளம் போட்டபடி கேட்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கும் பொத்தான் இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது.